ஸ்பைட்ஃபுல்: மூக்கை அறுத்துக்கொள்ளும் வன்மம்

கேள்வி இதுதான்: ஸ்பைட்ஃபுல் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அகராதி "வன்மமான, கெட்ட எண்ணமுள்ள" என்கிறது. மலிஷியஸுக்கும் அதையே சொல்கிறது, விண்டிக்டிவுக்கும் ஏறக்குறைய அதுவே. இவற்றுக்குள் என்ன வித்தியாசம்? அப்புறம், "இன் ஸ்பைட் ஆஃப்" என்று தினமும் எழுதுகிறோமே, அந்த ஸ்பைட்டும் இதுவும் ஒன்றா?

ஒன்றுதான். எப்படி ஒன்று என்பது வேர்ச்சொல் கதையில் தானாக விளங்கிவிடும். முதலில் பொருளைப் பார்ப்போம்.

ஒருவர் இன்னொருவருக்குக் கெடுதல் செய்தால், ஏன் செய்தார் என்று கேட்கிறோம். பெரும்பாலும் ஒரு விடை கிடைக்கும். பணத்துக்காக, பதவிக்காக, பயத்தால், போட்டியால். ஸ்பைட்ஃபுல் என்று ஆங்கிலக்காரர் சொல்கிற இடத்தில் அப்படி ஒரு விடை கிடைக்காது. செய்தவருக்கு அதனால் கால் காசு வரவில்லை. சொல்லப்போனால் கைக்காசு போயிருக்கும், நேரம் போயிருக்கும், பேர் கெட்டிருக்கும். இருந்தும் செய்தார். எதிராளி வாட வேண்டும், எரிச்சல்பட வேண்டும், அவ்வளவுதான் கணக்கு.

வேலையை விட்டுப் போகிற ஒருவர், கடைசி நாள் மாலை உட்கார்ந்து, தனக்குப் பின்னால் வருகிறவருக்குத் தேவைப்படும் கோப்புகளின் பெயர்களையெல்லாம் தாறுமாறாக மாற்றிவிட்டுப் போகிறார் என்று வையுங்கள். திருட்டு இல்லை, அழிக்கவும் இல்லை, அவருக்கு லாபமும் இல்லை. வீட்டுக்குப் போக வேண்டிய நேரத்தில் இரண்டு மணி நேரம் வீணாக்கியிருக்கிறார். இது ஸ்பைட்ஃபுல். அதே ஆள் அந்தக் கோப்புகளைப் போட்டி நிறுவனத்துக்கு விற்றிருந்தால் அதற்கு வேறு பெயர்கள் உண்டு, ஆனால் ஸ்பைட்ஃபுல் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆதாயம் வந்த இடத்தில் இந்தச் சொல் பொருந்தாது.

இன்னொரு குணமும் இதற்கு உண்டு: சிறுமை. ஸ்பைட்ஃபுல் செயல்கள் அளவில் சின்னவை. ஊரைக் கொளுத்தியவனை ஸ்பைட்ஃபுல் என்பதில்லை. அது அவனுக்குப் போதாது. ஊருக்கெல்லாம் அழைப்பு அனுப்பி ஒரே ஒருவரை மட்டும் விடுவது, நல்ல செய்தி சொல்ல வந்தவரிடம் அதில் இருக்கிற ஒரு ஓட்டையைத் தேடிப்பிடித்துச் சொல்வது, கேட்ட பொருளை எல்லாம் எடுத்துக் கொடுத்துவிட்டு அதன் சாவியை மட்டும் "தேடித் தருகிறேன்" என்று இழுப்பது, இந்த அளவில்தான் இச்சொல் குடியிருக்கிறது. அதனால்தான் ஒருவரைப் பார்த்து ஸ்பைட்ஃபுல் என்றால் கெட்டவர் என்பதோடு அற்பர் என்ற குத்தும் சேர்ந்தே போகிறது. தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ள எவருக்கும் பிடிக்காத சொல். "நான் கோபக்காரன்" என்று பெருமையாகச் சொல்வோர் உண்டு. "நான் ஸ்பைட்ஃபுல்" என்று பெருமைப்பட்டவரை நான் பார்த்ததில்லை.

இப்போது பக்கத்து வீட்டுச் சொற்கள். மலிஷியஸ் என்பது லத்தீன் மாலுஸ், அதாவது கெட்டது, என்பதிலிருந்து வந்தது. கெடுதல் செய்யும் நோக்கம் எல்லாவற்றுக்கும் பொதுச்சொல் அது. சட்டத்திலும் கணினித் துறையிலும் அதைத்தான் பார்ப்பீர்கள். ஆதாயத்துக்காகச் செய்தாலும் மலிஷியஸ்தான், சும்மா செய்தாலும் மலிஷியஸ்தான். விண்டிக்டிவ் வேறு சங்கதி. அதன் வேர் லத்தீனில் பழிவாங்கலைக் குறிக்கும் விண்டிக்டா. இத்தாலியர் வழியாக வந்த வெண்டெட்டாவும் அதன் பிள்ளைதான். விண்டிக்டிவ் ஆளிடம் ஒரு கணக்குப் புத்தகம் இருக்கும். நீ எனக்கு முன்பு இதைச் செய்தாய், அதற்கு இது. ஸ்பைட்ஃபுல்லுக்குப் பழைய கணக்கு கட்டாயமில்லை. நீங்கள் அவருக்கு ஒரு கெடுதலும் செய்திருக்க வேண்டியதில்லை, சந்தோஷமாக இருந்தால் போதும். கேட்டி என்பது பூனையிலிருந்து வந்தது, பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கடைசியில் இந்தப் பொருளில் புழங்கத் தொடங்கியது. நக்கலாக, நகம் காட்டிப் பேசுவதைச் சொல்லும். பெரும்பாலும் பெண்கள் மேல் எறியப்படும் சொல் அது, அந்த ஓரவஞ்சனையும் அதில் ஒட்டியிருக்கிறது. இத்தனைக்கும் 2014இல் ஸ்பைட்டை அளக்க ஓர் அளவுகோல் உருவாக்கிய அமெரிக்க உளவியலாளர்களின் ஆய்வில், வன்மத்தில் கூடுதல் மதிப்பெண் வாங்கியது ஆண்கள்தான்.

சரி, சொல் எங்கிருந்து வந்தது?

லத்தீனில் ஸ்பெசெரெ என்றால் பார்ப்பது. அதன் முன்னால் 'கீழே' என்ற பொருள் தரும் டெ சேர்ந்தால் டெஸ்பிசெரெ, கீழ்நோக்கிப் பார்ப்பது. மலை உச்சியில் நின்று பள்ளத்தாக்கைப் பார்ப்பதற்கும் அதே வினைச்சொல்தான், ஒரு மனிதனை ஏளனமாகப் பார்ப்பதற்கும் அதேதான். இந்த வினையின் பெயர்ச்சொல் டெஸ்பெக்டுஸ். அது பழைய பிரெஞ்சில் தேய்ந்து டெஸ்பிட் ஆனது, நார்மன்காரர்களோடு இங்கிலாந்துக்குப் போனது, 1300ஐ ஒட்டி ஆங்கில எழுத்தில் தென்படுகிறது. அப்போது அதன் பொருள் இளக்காரம், அவமதிப்பு. வன்மம் இன்னும் உள்ளே வரவில்லை.

அப்புறம் அதன் தலை உதிர்ந்தது. அழுத்தம் இல்லாத முதல் அசையை விழுங்கிவிடுவது ஆங்கிலத்தின் பழைய பழக்கம். டிஃபென்ஸ் தலை இழந்து ஃபென்ஸ் ஆனது, அதாவது வேலி. டிஸ்போர்ட் என்ற பழைய சொல் ஸ்போர்ட் ஆனது. எஸ்குவையர் ஸ்குவையர் ஆனது. அந்த வரிசையில் டெஸ்பைட் ஸ்பைட் ஆனது. வேடிக்கை என்னவென்றால், தலையுள்ள டெஸ்பைட்டும் சாகவில்லை. இரண்டும் பங்காளிகள் மாதிரி பாகம் பிரித்துக்கொண்டன. டெஸ்பைட் 'இருந்தபோதிலும்' என்ற இலக்கண வேலைக்குப் போய்விட்டது, ஸ்பைட் வன்மத்தை எடுத்துக்கொண்டது. ஃபுல் சேர்ந்த ஸ்பைட்ஃபுல் பதினைந்தாம் நூற்றாண்டில் வருகிறது.

இங்கேதான் உங்கள் இரண்டாம் கேள்விக்கு விடை இருக்கிறது. இன் ஸ்பைட் ஆஃப் என்றால் முதலில் "இதை ஏளனம் செய்து", "இதை மதியாமல்" என்றே பொருள். ஓர் அரசன் தடை போட்டான், ஒருவன் அந்தத் தடையை மதியாமல் போனான் என்றால், அவன் தடையின் ஸ்பைட்டில் போனான். மனிதர்களையும் கட்டளைகளையும் மதியாமல் போனது, மெல்ல மெல்ல மழையையும் காய்ச்சலையும் மதியாமல் போவதாக விரிந்தது. கடைசியில் ஏளனம் ஆவியாகி "ஆனபோதிலும்" மட்டும் மிஞ்சியது. "மழையையும் பொருட்படுத்தாமல் வந்தார்" என்று நாம் தமிழில் எழுதுகிறோம் அல்லவா, அதுவும் அதே பாதைதான். பொருட்படுத்தாமை என்பது ஒரு மனநிலை. மழைக்கு அது தெரியவா போகிறது!

எழுதும்போது ஒரு கவனம் வேண்டும். இன் ஸ்பைட் ஆஃப் மூன்று சொற்கள், இன்ஸ்பைட் என்று ஒட்டக்கூடாது. டெஸ்பைட் வந்தால் பின்னால் ஆஃப் வராது. "டெஸ்பைட் ஆஃப்" நம் ஊர் ஆங்கிலத்தில் அடிக்கடி கண்ணில் படுகிற பிழை. ஆனால் அதன் காரணம் நியாயமானது. பழைய ஆங்கிலத்தில் "இன் டெஸ்பைட் ஆஃப்" என்று ஒரு தொடர் நிஜமாகவே இருந்தது.

ஸ்பெசெரெ பெரிய குடும்பம். ரெஸ்பெக்ட் என்றால் திரும்பிப் பார்ப்பது, சஸ்பெக்ட் என்றால் கீழிருந்து பார்ப்பது, இன்ஸ்பெக்டர் உள்ளே பார்ப்பவர், ஸ்பெக்டேட்டர் வேடிக்கை பார்ப்பவர். டெஸ்பைஸ், அதாவது வெறுத்து ஒதுக்குவது, ஸ்பைட்டின் உடன்பிறப்பு. மொழியியலாளர் இந்த வேரை இந்தோ-ஐரோப்பிய மொழிகளின் பொது மூதாதைக்கே கொண்டுபோகிறார்கள். எழுத்து முன்பின் மாறி கிரேக்கத்தில் டெலஸ்கோப்பின் ஸ்கோப் ஆனதும், சமஸ்கிருதத்தில் பார்க்கிறான் என்னும் பச்யதி ஆனதும் அதே வேர்தான் என்பது அவர்கள் கணக்கு. மதிப்பும் வன்மமும் இரண்டுமே பார்வையின் பிள்ளைகள், பார்க்கும் திசைதான் வேறு.

பிரெஞ்சு டெஸ்பிட் போன இடமெல்லாம் ஒரே குணத்தோடு வாழவில்லை. பிரெஞ்சிலேயே இன்று டெப்பி என்றால் மனக்கசப்பு, ஏமாற்றத்தில் வரும் கடுப்பு. லத்தீன் சொல்லிலிருந்து நேரே வந்த இத்தாலிய டிஸ்பெட்டோ பாதி வன்மம், பாதி குறும்பு. தங்கையின் பொம்மையை ஒளித்துவைக்கும் சிறுவனை இத்தாலியர் டிஸ்பெட்டோஸோ என்பார்கள், சிரித்துக்கொண்டே சொல்லலாம். டச்சுக்குப் போன சொல்தான் எனக்குப் பிடித்தது. அங்கே ஸ்பெய்ட் என்றால் வருத்தம். "ஹெட் ஸ்பெய்ட் மெ" என்றால் "மன்னித்துக்கொள்ளுங்கள்". கடலின் ஒரு கரையில் ஆளை வேண்டுமென்றே நோகடிப்பது, மறுகரையில் நோகடித்ததற்கு வருந்துவது. ஒரே சொல்.

ஆங்கிலத்தில் பொருள் நகர்ந்த வழியை ஷேக்ஸ்பியர் காலத்தில் நன்றாகப் பார்க்கலாம். ஹாம்லெட் தன் தலைவிதியை நொந்துகொள்ளும்போது "சபிக்கப்பட்ட ஸ்பைட்" என்கிறான். அங்கே அது விதியின் கொடுமை, யாருடைய வன்மமும் அல்ல. மேக்பெத்தில் கூலிக்குக் கொலை செய்ய வந்த ஒருவன், உலகம் என்னை அடித்த அடியில் உலகத்தை ஸ்பைட் செய்ய எதையும் செய்வேன் என்கிறான். இது இன்றைய பொருள். அதே நாடகத்தில் சூனியக்காரிகளின் தலைவி மேக்பெத்தை ஸ்பைட்ஃபுல் என்று திட்டுகிறாள். அந்தக் காலத்தில் இச்சொல்லின் பொருள் பல திசையில் ஆடிக்கொண்டிருந்தது. பின்னால்தான் ஓரிடத்தில் நின்றது.

இளக்காரம் எப்படி வன்மமாக மாறியது என்பதுதான் எனக்குச் சுவாரசியமான இடம். அகராதிகள் "பொருள் மாறியது" என்று ஒரு வரியில் கடந்துவிடும். அந்த மாற்றத்துக்கான தர்க்கத்தை அரிஸ்டாட்டில் எப்போதோ எழுதிவைத்துவிட்டார், ஆங்கிலம் என்ற மொழியே பிறப்பதற்கு முன்னால். அவருடைய பேச்சுக்கலை நூலின் இரண்டாம் பகுதி கோபத்தைப் பற்றிப் பேசும்போது, மனிதனுக்குக் கோபம் வருவது தன்னை ஒருவர் அற்பமாக நினைக்கும்போது என்கிறது. அப்படி அற்பமாக நினைப்பதில் மூன்று வகை. ஒன்று நேரடி இளக்காரம். மூன்றாவது, சுகத்துக்காக அவமானப்படுத்தும் ஹியூப்ரிஸ். நடுவில் வருவது எபெரெயஸ்மோஸ். இன்னொருவர் ஆசைப்பட்டதற்குக் குறுக்கே நிற்பது, அதுவும் தனக்கு வேண்டும் என்பதற்காக அல்ல, அவருக்குக் கிடைக்கக்கூடாது என்பதற்காக. ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பவர்கள் பலரும் இதற்கு ஸ்பைட் என்றே போடுகிறார்கள்.

இது ஏன் இளக்காரத்தின் வகை? அவர் சொல்லும் காரணம் நுட்பமானது. உன்னால் எனக்கு ஆபத்து வரும் என்று நினைத்தால் நான் பயந்திருப்பேன், குறுக்கே நின்றிருக்கமாட்டேன். உன்னால் எனக்கு நன்மை வரும் என்று நினைத்தால் உன்னோடு நட்பாகியிருப்பேன். இரண்டும் இல்லாமல் உன் வழியை மறிக்கிறேன் என்றால், நீ எனக்கு ஒரு பொருட்டே இல்லை என்று அர்த்தம். ஆகவே ஸ்பைட் என்பது செயலாக வெளிப்பட்ட இளக்காரம். லத்தீன் சொல்லின் 'கீழே பார்ப்பது' என்ற பொருளுக்கும் இன்றைய பொருளுக்கும் இடையில் பாலம் இதுதான் என்று நினைக்கிறேன்.

ஆனால் இன்றைய வழக்கில் ஒரு முரண் இருக்கிறது. நிஜமாகவே பொருட்டில்லை என்றால் யாராவது இரண்டு மணி நேரம் செலவழித்துக் கோப்புப் பெயர் மாற்றுவார்களா? ஸ்பைட்ஃபுல் ஆசாமிக்கு எதிராளி மிகப்பெரிய பொருட்டு, ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கும் பொருட்டு. சொல் பிறந்தபோது அது மேலே இருப்பவன் கீழே பார்த்தது. இன்று பெரும்பாலும் கீழே தள்ளப்பட்டதாக உணர்பவன் மேலே எறியும் கல். பார்வையின் திசை நேரெதிராகிவிட்டது. அரிஸ்டாட்டில் இதற்கு ஒப்புக்கொள்வாரா என்பது வேறு விஷயம்.

சொந்தச் சேதத்தைப் பொருட்படுத்தாத இந்தக் குணத்தைத் தமிழ்ப் பழமொழி ஒரே வரியில் பிடித்துவிட்டது: தன் மூக்கை அறுத்துக்கொண்டு எதிரிக்குச் சகுனத்தடை. ஆங்கிலத்திலும் மூக்குதான்! முகத்தின் மேல் இருக்கும் ஆத்திரத்தில் மூக்கை அறுத்துக்கொள்வது என்று அங்கே சொல்வார்கள். பதினெட்டாம் நூற்றாண்டுக் கடைசியில் பிரான்சிஸ் குரோஸ் தொகுத்த கொச்சைச்சொல் அகராதியில் இது இருக்கிறது, அப்போது அதில் ஸ்பைட் என்ற சொல் இல்லை, பழி என்றுதான் இருந்தது. இரண்டு மூக்குகளும் ஒன்றல்ல என்பதைக் கவனியுங்கள். ஆங்கிலப் பழமொழியில் மூக்கை அறுத்தவன் முட்டாள், நஷ்டம் முழுக்க அவனுக்கே. தமிழ்ப் பழமொழியில் எதிரிக்கு நிஜமாகவே சகுனம் கெடுகிறது. காரியம் நிறைவேறுகிறது, விலைதான் கொஞ்சம் அதிகம். ஸ்பைட்ஃபுல்லின் உண்மையான இலக்கணத்துக்கு நம்முடையதுதான் பொருத்தம் என்பேன்.

வைக்கோல் போரில் படுத்த நாயை இதற்கு உதாரணமாகச் சொல்வார்கள். எனக்கு அது அரைகுறைப் பொருத்தம்தான். நாய் தின்னாத வைக்கோலால் நாய்க்கு நஷ்டமில்லை. மாட்டுக்குக் கிடைக்கக்கூடாது என்ற பாதி இருக்கிறது, தன் மூக்கு இல்லை.

மூக்கை அறுத்துக்கொண்டவர்கள் கட்டிய வீடுகளே உண்டு. ஆங்கிலத்தில் அவற்றுக்கு ஸ்பைட் ஹவுஸ் என்று பெயர். நியூயார்க்கில் லெக்சிங்டன் அவென்யூவில் ஜோசப் ரிச்சர்ட்சன் என்பவரிடம் வெறும் 5 அடி அகலத் துண்டு நிலம் இருந்தது. பக்கத்து மனைக்காரர் அடுக்குமாடி கட்டுவதற்காக அதை 1,000 டாலருக்குக் கேட்டார். ரிச்சர்ட்சன் 5,000 கேட்டார். பேரம் படியவில்லை, பக்கத்து மனைக்காரர் அந்தத் துண்டு இல்லாமலே, அதைப் பார்த்தாற்போல் சன்னல் வைத்துக் கட்டிக்கொண்டார். 1882இல் ரிச்சர்ட்சன் அந்த 5 அடியில் நான்கு மாடி எழுப்பி அத்தனை சன்னலையும் அடைத்தார். இதோடு நின்றிருந்தால் வெறும் முரட்டுத்தனம் என்று விட்டுவிடலாம். அவரே அதில் குடியேறி, 1897இல் சாகும்வரை அந்த ஒடுக்கத்திலேயே வாழ்ந்தார். அந்தக் குடியேற்றம்தான் இதை ஸ்பைட் ஆக்குகிறது. வீடு 1915இல் இடிக்கப்பட்டது.

வீட்டைவிட வேலி பிரபலம். சான் பிரான்சிஸ்கோவில் நாப் ஹில் என்ற பணக்காரக் குன்றில், ரயில்வே கோடீசுவரர் சார்லஸ் குரோக்கர் ஒரு சதுக்கம் முழுவதையும் வாங்கினார். நிக்கலஸ் யுங் என்ற, ஈமக்கிரியைத் தொழில் செய்தவரின் மனை மட்டும் மசியவில்லை. 1870களில் குரோக்கர் அவர் வீட்டின் மூன்று பக்கமும் 40 அடி உயரத்துக்குப் பலகை வேலி எழுப்பிவிட்டார். வெயிலும் காற்றும் போயின. தன் மாளிகைக்குப் பக்கத்திலேயே அசிங்கமான ஒரு பலகைக் கோட்டை நிற்பதை குரோக்கரும் தினம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். இருவரும் இறந்த பிறகும் வேலி நின்றது. 1906 நிலநடுக்கத்தோடு மாளிகை போய், இன்று அந்த இடத்தில் கிரேஸ் கதீட்ரல் இருக்கிறது.

சட்டத்துக்கு இது தலைவலி. என் நிலத்தில் நான் எதையும் கட்டலாம், ஏன் கட்டினேன் என்று கேட்க நீ யார்? இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை 1895இல் இந்த வாதத்தை ஏற்றுக்கொண்டது. பிராட்ஃபோர்டு நகராட்சிக்குப் போகும் நிலத்தடி நீரைத் தன் நிலத்தில் தடுத்துத் திருப்பிய பிக்கிள்ஸ் என்பவர் வழக்கு அது. உரிமை இருந்தால் போதும், உள்நோக்கம் பொருட்டல்ல என்று தீர்ப்பு. சட்டப் பாடங்களில் வன்மத்துக்கு உதாரணமாக இதை எடுத்துக்காட்டுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நகராட்சி தன் நிலத்தை வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் பிக்கிள்ஸ் நெருக்கினார். அது வியாபாரம். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலம் வேறு வழியில் போனது. பக்கத்து வீட்டாரைத் தொல்லை செய்வதற்காகவே 6 அடிக்கு மேல் தேவையின்றி எழுப்பிய வேலி சட்டவிரோதத் தொல்லை என்று 1887இல் சட்டம் போட்டது. அது செல்லும் என்று 1889இல் தீர்ப்பு எழுதியவர், பின்னால் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் பெரும் புகழ் பெற்ற ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ். இந்தச் சட்டங்களை எல்லோரும் ஸ்பைட் ஃபென்ஸ் சட்டம் என்றே அழைக்கிறார்கள். ஆனால் கலிஃபோர்னியாவின் 10 அடிச் சட்டம் போன்ற வாசகங்களுக்குள் போனால் இருக்கும் சொல் மலிஷியஸ்தான். ஸ்பைட் நீதிமன்றத்துக்கு வெளியே பேசுகிற சொல்.

விசித்திரமாக, இச்சொல்லுக்கு மிகக் கறாரான வரையறை தந்தவர்கள் உயிரியலாளர்கள். டபிள்யூ.டி. ஹாமில்டன் 1970இல் நேச்சர் இதழில் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே ஸ்பைட்ஃபுல் இருக்கிறது. செய்பவருக்கும் இழப்பு, பெறுபவருக்கும் இழப்பு, அப்படிப்பட்ட நடத்தைதான் ஸ்பைட். இருவருக்கும் லாபம் என்றால் ஒத்துழைப்பு, எனக்கு இழப்பு உனக்கு லாபம் என்றால் தியாகம், எனக்கு லாபம் உனக்கு இழப்பு என்றால் சுயநலம். நாலாவது கட்டத்தில் ஸ்பைட். இயற்கையில் இப்படி ஒன்று நிலைத்திருக்க முடியுமா என்றால் முடியும். சில ஈ.கோலி பாக்டீரியாக்கள் கோலிசின் என்னும் நஞ்சை வெளியிட, தங்கள் செல்லே வெடித்துச் சாக வேண்டும். சுற்றியிருக்கும் அந்நிய பாக்டீரியாக்கள் நஞ்சில் சாகும். அதே மரபணு கொண்ட உறவுகளுக்கு எதிர்ப்புச் சக்தி இருப்பதால் பிழைக்கும், காலியான இடம் அவற்றுக்கு. பாக்டீரியாவுக்கு வன்மம் கிடையாது, அது வேறு. ஆனால் "தனக்கும் நஷ்டம், எதிராளிக்கும் நஷ்டம்" என்ற வரையறை, சொல்லின் அன்றாடப் பொருளையும் துல்லியமாகத் தொடுகிறது.

மனிதர்களிடம் இதைச் சோதித்த புகழ்பெற்ற விளையாட்டு ஒன்று உண்டு. 1982இல் ஜெர்மானியப் பொருளியலாளர் வெர்னர் கியூத்தும் அவருடைய சகாக்களும் தொடங்கிவைத்தது. ஒருவரிடம் ஒரு தொகையைக் கொடுத்து, இன்னொருவருக்கு இதில் ஒரு பங்கு கொடு என்பார்கள். அந்த இன்னொருவர் ஒப்புக்கொண்டால் இருவருக்கும் பணம், மறுத்தால் இருவருக்கும் ஒன்றுமில்லை. கணக்குப்படி எவ்வளவு குறைவாகக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வதுதான் லாபம். ஆனால் பங்கு மிகவும் குறைந்துபோனால் பலர் மறுத்துவிடுகிறார்கள். "எனக்கும் வேண்டாம், உனக்கும் வேண்டாம்." இது ஸ்பைட்டா, அநியாயத்துக்குத் தண்டனையா? ஆராய்ச்சியாளர்கள் இன்றும் சண்டை போடுகிறார்கள். என் கணிப்பில், மறுப்பவர் அதைத் தண்டனை என்பார், மறுக்கப்பட்டவர் ஸ்பைட் என்பார். ஸ்பைட்ஃபுல் எப்போதும் வெளியே இருந்து ஒட்டப்படும் பட்டம். உள்ளே இருப்பவருக்கு அது ரோஷம், நியாயம், தன்மானம்.

திட்டாக இல்லாமலும் இச்சொல் புழங்குகிறது. கிரிக்கெட் வர்ணனையில் பந்து எதிர்பாராத உயரத்துக்கு எழும்பி மட்டையாளரின் விரலைப் பதம் பார்த்தால் ஸ்பைட்ஃபுல் பவுன்ஸ் என்பார்கள். ஆடுகளத்துக்கு ஆத்திரம் ஏது, ஆனால் பார்த்தால் அப்படித்தான் இருக்கும். பிரிட்டிஷ் கடற்படை ஒரு போர்க்கப்பலுக்கே ஸ்பைட்ஃபுல் என்று பெயர் வைத்தது. 1899இல் கடலில் இறங்கிய அந்தக் கப்பல் 1904இல் நிலக்கரியை முழுக்க விட்டுவிட்டு எண்ணெயில் மட்டும் ஓடிய முதல் போர்க்கப்பல் ஆனது. இரண்டாம் உலகப் போரின்போது ஸ்பிட்ஃபயர் விமானத்துக்கு வாரிசாக வடிவமைத்த விமானத்தின் பெயரும் ஸ்பைட்ஃபுல். ஓசை ஒத்திருந்தாலும் ஸ்பிட்ஃபயருக்கு ஸ்பைட்டோடு உறவில்லை, அது 'நெருப்பு உமிழ்வது'. துப்புவதற்கான ஸ்பிட் வேறு வேர்.

தமிழில் எப்படிச் சொல்வது? ஒரே சொல்லைப் பிடித்துத் தொங்க வேண்டாம். பேச்சையோ பார்வையையோ சொல்லும்போது வன்மம் நன்றாகப் பொருந்தும்: வன்மமான பேச்சு, வன்மம் கக்கும் கடிதம். இப்போது இளைஞர்கள் இணையத்தில் வன்மம் என்ற சொல்லைப் புழங்கும் விதம், பழைய வஞ்சம் என்ற பொருளைவிட ஸ்பைட்டுக்குத்தான் நெருக்கம். வஞ்சம் மறைந்திருந்து நாள் பார்க்கும், அது விண்டிக்டிவுக்குப் போகட்டும். காழ்ப்பு நீடித்த வெறுப்பு, ஒரு செயலைக் குறிக்க அது கனமான சொல். வயிற்றெரிச்சல் பொறாமையைச் சொல்லும். ஸ்பைட்டின் காரணம் பல நேரம் அதுவாக இருக்கலாம், ஆனால் வயிறு எரிந்துகொண்டே சும்மா இருப்பவர்களும் ஏராளம்.

"அவுட் ஆஃப் ஸ்பைட்" என்று வந்தால் என் முதல் தேர்வு வீம்பு. "வீம்புக்குக் கட்டினான்", "வீம்புக்கென்றே மறுத்தாள்". லாபம் பாராத பிடிவாதமும் தன் மூக்கைப் பற்றிய அலட்சியமும் வீம்பில் அப்படியே இருக்கின்றன. இல்லாதது ஒன்றுதான்: யாரையும் நோகடிக்காமலும் வீம்பு பிடிக்கலாம். எதிராளி யார் என்பது வாக்கியத்திலேயே தெரிந்தால் வீம்பு தனியாகவே போதும். தெரியாவிட்டால் "அவரை நோகடிக்க வேண்டுமென்றே" என்று விரித்து எழுதிவிடுங்கள். ரிச்சர்ட்சன் வீட்டுக்கு வீம்பு வீடு என்று பெயர் வைக்கலாம். அந்தக் கோப்புப் பெயர் மாற்றியவருக்கு வீம்பு போதாது, வன்மம்தான் வேண்டும்.